விட்டுவிடுதல் பதினாறாவது படி

மனத்தாங்கலோடு இருப்பவரிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "விட்டுத் தள்ளு." கேட்பவருக்கும் விட்டுவிடத்தான் ஆசை. எப்படி விடுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். மூன்றாம் நாள் அதே முகம், அதே பேச்சு, அதே எரிச்சல், முன்பைவிடப் பெரிதாக வந்து நிற்கும். எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை என்று கடைசியில் தன்னையே நொந்துகொள்வார். அவர் தொடங்கிய இடம்தான் தப்பு.

மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைப் புத்தர் பதினாறு படிகளாகப் பிரித்துச் சொல்கிறார். புத்தரின் உரைகளைக் கொண்ட மஜ்ஜிம நிகாயம் என்ற தொகுப்பின் 118ஆவது சூத்திரமான ஆனாபானசதி சூத்திரத்தில் அது இருக்கிறது. முதல் நான்கு படிகள் உடம்பைப் பற்றியவை. அடுத்த நான்கு, உணர்ச்சி இனிக்கிறதா கசக்கிறதா என்ற அளவில் அதை அறிவது பற்றியவை. அதற்கடுத்த நான்கு மனத்தின் நிலை பற்றியவை. கடைசி நான்கில்தான் நிலையாமை, பற்று வெளுத்துப்போதல், அடங்குதல், விட்டுவிடுதல் ஆகியவை வருகின்றன. விட்டுவிடுதல் பதினாறாவது, கடைசிப் படி. அதற்கு முன் பதினைந்து இருக்கின்றன. நாம் முதல் நாளே பதினாறாவதில் கால் வைக்கப் பார்க்கிறோம், வழுக்குகிறது.

பதினைந்தையும் முறையாகக் கடந்தால்தான் ஒரு சின்ன மனக்கசப்பு தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடம்பில் நடப்பதைக் காணும் பழக்கமும், அது கசப்பா இனிப்பா என்று பிரித்தறியும் பழக்கமும் இல்லாமல் விட்டுவிட முயல்வது, எதைப் பிடித்திருக்கிறோம் என்றே தெரியாமல் விட முயல்வதாகும். ஆகவே கொஞ்சம் பொறுமையாக அடியிலிருந்தே வருவோம்.

உட்காரும் விதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தரையில் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி அடியில் ஒரு மடித்த போர்வையோ கெட்டித் தலையணையோ போதும். இடுப்பு தாழ்ந்து முழங்கால் மேலே நின்றால் முதுகு தானாக வளைந்துவிடும், பத்து நிமிடத்தில் கீழ் முதுகு வலிக்கும். நாற்காலி என்றால் பாதங்கள் இரண்டும் தரையில் படட்டும். தினம் இருபது நிமிடம் உட்காருங்கள். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல்.

மூச்சைக் கவனிக்க ஓர் இடம் வேண்டும். மூக்கு நுனியில் அல்லது மேலுதட்டுக்கு மேலே காற்று உரசும் இடம் ஒன்று. பர்மாவின் தியான ஆசிரியர் மஹாசி சயாடோ (1904–1982) சொல்லிக்கொடுத்தபடி, வயிறு எழுவதும் தாழ்வதும் இன்னொன்று. மனம் படபடப்பாக இருப்பவர்களுக்கு வயிறு ஒத்துவருகிறது, தூங்கி விழுபவர்களுக்கு மூக்கு நுனி ஒத்துவருகிறது என்பது என் கணிப்பு. எதை எடுத்தாலும் ஒரு மாதமாவது மாற்றாதீர்கள். ஒரே உட்காரலில் இங்கும் அங்கும் தாவினால் இரண்டும் கிடைக்காது.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, மூச்சை இழுத்து விட ஆரம்பிப்பது. கவனி என்றதும் அதை நடத்தத் தொடங்கிவிடுகிறோம். நெஞ்சு இறுகும், சில சமயம் தலைகூடச் சுற்றும். சூத்திரத்தின் முதல் இரண்டு படிகள் நீண்ட மூச்சை நீண்டது என்றும், குறுகியதைக் குறுகியது என்றும் அறிவதோடு நின்றுவிடுகின்றன. நீட்டவோ குறுக்கவோ சொல்லவில்லை. நெஞ்சு இறுகினால் கவனத்தை உள்ளங்கைக்கோ பாதத்துக்கோ இரண்டு நிமிடம் கொண்டுபோங்கள். யாரும் பார்க்காதபோது மூச்சு தன் பாட்டில் ஓடத் தொடங்கிவிடும். பிறகு திரும்பி வாருங்கள்.

மனம் அலைந்தால் எண்ணுங்கள். எண்ணுவதற்கும் அளவு உண்டு. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற பயிற்சி நூலை எழுதிய புத்தகோசர் இதில் வெகு நுணுக்கமாகப் போகிறார்: ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேல் போகாமல், நடுவில் அறாமல் எண்ண வேண்டும். ஐந்துக்குள் நிறுத்தினால் மனம் இடுக்கில் மாட்டிக்கொண்டது போல் துடிக்கும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் அறுந்தால், சரியாகச் செய்தோமா இல்லையா என்ற சந்தேகமே பெரிதாகிவிடும். வெளிமூச்சின் முடிவில் ஒன்று, அடுத்ததன் முடிவில் இரண்டு, பத்து வரை, பிறகு மீண்டும் ஒன்று. முப்பத்தேழு என்று எண்ணிக்கொண்டிருப்பதைத் திடீரென்று கண்டால், எண் மட்டும் ஓடியிருக்கிறது, நீங்கள் அங்கே இல்லை என்று பொருள். ஒன்றிலிருந்து தொடங்குங்கள். திட்டிக்கொள்ளாதீர்கள். அலைந்ததைக் கண்டுபிடித்த அந்த நொடிதான் பயிற்சி. அதை நீங்கள் வரவழைக்கவில்லை, தானாக வந்தது. அதைத் தண்டித்தால் அடுத்தமுறை தாமதமாக வரும்.

தூக்கம் பெரிய தொல்லை. புத்தரின் தலைமைச் சீடர்கள் இருவரில் ஒருவரான மொகல்லானருக்கே இது இருந்தது. அவருக்குப் புத்தர் சொன்ன வழிகள் அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் வரிசையாக இருக்கின்றன: எந்த எண்ணத்தோடு இருந்தபோது தூக்கம் வந்ததோ அதை விடு, கேட்ட அறத்தை நினைத்துப் பார், வாய்விட்டு ஓது, காது மடல்களை இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய், எழுந்து கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு திசைகளையும் விண்மீன்களையும் பார், ஒளியை மனத்தில் கொண்டு வா, முன்னும் பின்னும் நட. இத்தனைக்கும் போகாவிட்டால், எழும் நேரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு வலப்பக்கம் சரிந்து படு. தூங்க விடுவதும் அந்த வரிசையில் இருக்கிறது. அதற்கு முன் ஏழு வழிகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

விபாசனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா (1924–2013) வழிவந்த பத்து நாள் முகாம்களில் முதல் மூன்று நாளும் மூச்சைத் தவிர வேறெதுவும் கிடையாது. அங்கே போகாதவர்கள் வீட்டில் இரண்டு மூன்று வாரமாவது இதிலேயே நிற்பது நல்லது. அதற்குப் பின்தான் அடுத்ததற்கு வர வேண்டும். என் பார்வையில் எல்லாம் அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

எந்த அனுபவமும் முதலில் மூன்று விதமாகத்தான் வருகிறது: இதமாக, இதமில்லாமல், இரண்டுமில்லாமல். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதை வேதனா என்பார்கள். கோபம், ஏக்கம், பொறாமை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

கைப்பேசி அடிக்கிறது, திரையில் ஒரு பெயர். நமக்கு ஆகாதவர் பெயர். முதலில் நடப்பது உடம்பில்: மேல்வயிறு சுருட்டிப் பிடிக்கிறது, கீழ்த்தாடை கெட்டியாகிறது, உள்ளே போன மூச்சு பாதியில் நிற்கிறது. அப்போது வார்த்தையே இல்லை, வெறும் கசப்பு. அடுத்த நொடியில் "இப்ப எதுக்குக் கூப்பிடறான்" என்று ஒரு வரி. அதைத் தொடர்ந்து போன வருடம் நடந்தது, அதற்கு முன் நடந்தது, நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில், அதற்கு அவர் முகம் போகும் போக்கு. மணி பத்து முறை அடிப்பதற்குள் ஒரு முழு வழக்கு நடந்து தீர்ப்பும் ஆகிவிடுகிறது.

அந்த வழக்கு நடக்கும்போது அதை நிறுத்துவது கடினம். அதற்கு முந்திய வயிற்றுப்பிடிப்பைக் காண்பது எளிது. பெயரைக் கண்டதும் எடுக்காதீர்கள். மணி மூன்று முறை அடிக்க விடுங்கள். வயிறா, தாடையா, தொண்டையா என்று இடத்தைக் கண்டுபிடியுங்கள். மனத்துக்குள் "கசப்பு" என்று ஒரே ஒரு சொல் போதும். ஒரு வெளிமூச்சை முழுதாகப் போக விடுங்கள். பிறகு எடுப்பதோ எடுக்காமல் இருப்பதோ உங்கள் விருப்பம். கசப்பு போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கசப்புக்கும் வழக்குக்கும் நடுவில் ஓர் இடைவெளி தெரியத் தொடங்கும், அது போதும். தினசரி உட்காரும்போதும் அவ்வப்போது இப்போது இருப்பது இந்த மூன்றில் எது என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது வகைதான் அதிகம் தப்பிப்போகும். இதமும் இல்லாமல் கசப்பும் இல்லாமல் இருக்கும் நேரத்தைத்தான் சலிப்பு என்கிறோம், காரணமே இல்லாமல் கை கைப்பேசியைத் தேடிப் போவது அப்போதுதான்.

இனி மைத்திரி, அதாவது ஒருவர் நலமாக இருக்கட்டும் என்று விழையும் பயிற்சி. இதை வெறும் நல்லெண்ணப் பேச்சாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். விசுத்திமக்கத்தில் அதற்கு ஒரு கண்டிப்பான வரிசை இருக்கிறது. முதலில் தான். அடுத்து மதிப்புக்குரியவர், ஆசிரியர் போன்றவர். அதன்பின் நெருங்கிய நண்பர். பிறகு நல்லதோ கெட்டதோ தோன்றாத பொதுவான ஒருவர். கடைசியில்தான் பகைவர். பகைவரில் தொடங்கினால் மைத்திரிக்குப் பதில் கோபத்தைத்தான் ஊட்டி வளர்ப்போம். உயிருக்கு உயிரானவரில் தொடங்கினால், அவருக்குச் சின்னக் கஷ்டம் என்றாலே அழுகை வந்துவிடும். பொதுவானவரில் தொடங்கினால் மனம் களைத்துவிடும். இறந்தவரை எடுக்கவே கூடாது என்கிறார் புத்தகோசர். இது இரக்கமின்மை அல்ல. அங்கே இந்தப் பயிற்சி கைகூடாது என்பதால்தான். வருவது துக்கமாகத்தான் இருக்கும். துக்கத்துக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

சொல்ல வேண்டியவை நான்கு வரிகள்தான். பகையில்லாமல் இருக்கட்டும். மனத்தில் வேதனையில்லாமல் இருக்கட்டும். உடம்பில் துன்பமில்லாமல் இருக்கட்டும். தன்னை நலமாகப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு வெளிமூச்சுக்கு ஒரு வரி. முதலில் தனக்கு ஐந்து நிமிடம், பிறகு அடுத்தவருக்கு. தனக்கே சொல்லிக்கொள்ள நாக்கு எழாதவர்கள் உண்டு, அது ஒன்றும் குறையில்லை. அவர்கள் ஒரு குழந்தையையோ நாய்க்குட்டியையோ நினைத்துத் தொடங்கி, நெஞ்சு இளகியதும் தன்னையும் அதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எதுவுமே தோன்றாமல் வறண்டு கிடக்கும் நாட்களும் வரும். வரிகளை அவசரப்படாமல் சொன்னால் போதும். நெகிழ்ச்சி வந்தால் நல்லது, வராவிட்டாலும் பயிற்சி நடந்ததாகவே கணக்கு.

ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் தூரத்துப் பகை, பக்கத்துப் பகை என்று இரண்டு இருப்பதாகப் புத்தகோசர் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மைத்திரிக்குத் தூரத்துப் பகை வெறுப்பு. அது எல்லோருக்கும் தெரியும். பக்கத்துப் பகை பற்று. அது மைத்திரி போலவே உடுத்திக்கொண்டு வரும். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை சோகம். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து அவரைவிட அதிகம் அழுபவரிடம் இருப்பது பெரும்பாலும் இந்தச் சோகம்தான். அவரைத் தேற்றுவதே நோயாளியின் வேலையாகிவிடும். சமநிலைக்குப் பக்கத்துப் பகை, ஒன்றும் அறியாத அசட்டை. "எனக்கு இப்ப எதுவுமே பாதிக்கிறதில்லை" என்று சொல்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. உங்களை நோகடித்த ஆளுக்கு ஒரு நல்லது நடந்தது என்று கேட்டால் மனம் எப்படி இருக்கிறது? அங்கேயும் ஒன்றுமில்லை என்றால் அது விட்டது அல்ல, கதவைச் சாத்தியது.

மனத்தாங்கலையே நேரடியாக எடுத்துக்கொண்டு பேசும் இடங்களும் உண்டு. அங்குத்தர நிகாயத்தில் புத்தர் ஐந்து வழிகள் சொல்கிறார்: அந்த ஆள்மீது மைத்திரி, கருணை, சமநிலை, அவரை நினையாமல் விடுதல், அவர் செய்ததன் பலன் அவருடையது என்று எண்ணுதல். நினையாமல் விடுவதும் ஒரு முறைதான் என்பதைக் கவனியுங்கள். எல்லாரையும் அணைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதையடுத்து புத்தரின் இன்னொரு தலைமைச் சீடரான சாரிபுத்தர் சொல்வது இன்னும் அருகில் வந்து பேசுகிறது. செயலும் சொல்லும் கெட்டிருந்தாலும் எப்போதாவது மனம் தெளிகிற ஒருவரை என்ன செய்வது? வெயிலில் தாகத்தோடு வருபவன், மாட்டுக் குளம்படியில் தேங்கிய துளி நீரைக் காண்கிறான். கையாலோ பாத்திரத்தாலோ அள்ளினால் கலங்கிவிடும். ஆகவே மண்டியிட்டு, மாடு போலவே குனிந்து வாயால் உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போகிறான். அந்த ஆளிடம் இருக்கும் அந்தக் கொஞ்சத் தெளிவை மட்டும் அப்படி எடுத்துக்கொள் என்கிறார். செய்து பார்க்க விரும்பினால், அந்த ஆள் செய்த ஒரே ஒரு நல்ல காரியத்தை, நாள், இடம், அவர் சொன்ன சொல் உட்பட, தாளில் எழுதுங்கள். "அவர் நல்லவர்தான்" என்று பொதுவாக எழுதினால் பலிக்காது. மனம் அதை நம்பாது.

கோபம் தலைக்கேறும்போது புத்தகோசர் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறார்: அவர்மேல் கோபம் என்கிறாயே, எதன்மேல்? தலைமுடி மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா, உடம்பில் உள்ள மண்ணின் மேலா, நீரின் மேலா? படிக்கும்போது வறட்டு வாதம் போலத் தெரியும். ஆனால் "அவர்" என்ற ஒரே கட்டியைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் கோபத்துக்கு உட்கார இடம் கிடைக்காமல் போவது நிஜம். மூச்சுப் பயிற்சி கொஞ்சம் ஊன்றியவர்களுக்கே இது கைகொடுக்கும். இல்லாவிட்டால் வெறும் வார்த்தை.

இப்போது கடைசி நான்கு படிகளுக்கு வரலாம். இருபது நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் மூச்சுக்கு. பிறகு ஒரு சின்னக் கசப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கையின் பெரிய காயத்தை எடுக்காதீர்கள். வரிசையில் முந்திக்கொண்டவர், நன்றி சொல்ல மறந்தவர், இந்த அளவில் இருக்கட்டும். நடந்ததை இரண்டு மூச்சளவு நினைத்துவிட்டுக் கதையை நிறுத்தி, உடம்பில் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்திலேயே இருங்கள். அது ஒரே அளவில் நிற்காது: ஏறும், நகரும், துடிக்கும், மெலியும். அதைக் காண்பது பதின்மூன்றாவது படி. மாறுவது தெரியத் தெரிய அதன்மேல் உள்ள பிடிவாதம் வெளுக்கும், அது பதினான்கு. சில நொடிகள் அது இல்லாமலே போகும், அது பதினைந்து. பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். வலி இருக்கும்போது பார்க்கிறோம், வலி நின்றதும் பார்வையை எடுத்துவிடுகிறோம். இல்லாத அந்த இடத்தையும் இரண்டு மூச்சு பாருங்கள். பதினாறாவது படியில் நீங்கள் செய்ய எதுவும் இல்லை. கதை மீண்டும் வந்து கூப்பிடும், போக வேண்டும் என்று தோன்றாது. அவ்வளவுதான் விட்டுவிடுதல்.

அமுக்கி வைத்ததற்கும் விட்டதற்கும் உள்ள வேறுபாடு உடம்பில் தெரியும். அமுக்கியிருந்தால் தாடை இளகாது, வேறு பேச்சின் நடுவே ஒரு குத்தல் வெளிவரும், புதிதாகப் பழகுபவரிடமும் அந்தக் கதையைச் சொல்லத் தோன்றும். விட்டிருந்தால் பெயரைக் கேட்டதும் வயிறு பிடிக்கலாம், ஆனால் சீக்கிரம் இளகிவிடும். மறுபடி வருவது தோல்வி அல்ல. வருவதற்கும் இளகுவதற்கும் உள்ள நேரம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விட்டுவிடுவது என்றால் உரிமையை விடுவதோ, அடிப்பவரிடம் திரும்பிப் போவதோ அல்ல. கொடுத்த கடனைக் கேட்கலாம், வழக்குப் போடலாம், ஒருவரை வீட்டுக்குள் விடாமலும் இருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு மனத்துக்குள் நடக்கும் வழக்கைத்தான் நிறுத்தச் சொல்கிறோம். பாதிக்கப்பட்டவரிடம் போய் "மன்னித்துவிடு, மனசு லேசாகும்" என்று வற்புறுத்துவது கருணையில் சேராது. கொடுமையை அனுபவித்தவர்களுக்கும் கடும் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும் கண்ணை மூடி உள்ளே பார்ப்பதே சில சமயம் பழையதைக் கிளறிவிடும். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்து, ஐந்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். நடுக்கமோ, நடந்தது மீண்டும் நடப்பது போன்ற உணர்வோ வந்தால் அன்றைக்கு அதோடு போதும், மனநல மருத்துவரைப் பாருங்கள். தியானம் சிகிச்சைக்கு மாற்று அல்ல.

எல்லாம் செய்தும் ஒருவர்மீது மட்டும் மனம் ஆறவில்லை என்றால், கோபத்தை ஆற்றும் வழிகளின் கடைசியில் புத்தகோசர் வைத்திருப்பது ஈகை: அவருக்கு ஏதாவது கொடு, அவரிடமிருந்து ஏதாவது வாங்கிக்கொள். அதற்கு இலங்கைச் சித்தலபப்பத மடத்தில் நடந்ததைச் சொல்கிறார். மூத்த துறவி ஒருவர் மற்றொரு துறவியை மூன்று முறை அவர் தங்கிய இடத்திலிருந்து வெளியேற்றியிருக்கிறார். வெளியேற்றப்பட்டவர் தன் பிச்சைப் பாத்திரத்தை அவரிடம் நீட்டினார்: எட்டுக் காசு பெறுமானமுள்ளது, என் தாய் கொடுத்தது, நேர்மையாக வந்தது, அவளுக்குப் புண்ணியம் சேரட்டும்.

இதைச் செய்வதானால் சிறியதாகக் கொடுங்கள். பெரிதாகக் கொடுத்தால் பதிலுக்கு ஒன்றை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவோம். அவருக்கு உண்மையிலேயே பயன்படுவதாக இருக்கட்டும். பழைய விவகாரத்தைப் பற்றிய பேச்சை அதோடு சேர்க்காதீர்கள். நேரில் கொடுப்பது ஆபத்து என்றாலோ, அவர் தொடர்பே கூடாது என்றாலோ இந்த வழியை விட்டுவிட்டு, நினையாமல் விடும் வழிக்கே போங்கள். கொடுத்த பிறகு அவர் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டாம், உங்கள் வயிற்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.